நகையை அடகு வைக்காதீர்கள், அம்மா

தண்டையார்பேட்டையிலிருந்து மகனோடு வந்த அம்மாவுக்கு,

தம்பியின் பிளஸ் டூ மார்க் ஒன்றும் மோசமில்லை, பயம் வேண்டாம். ஆனால் உங்கள் அண்ணன் சொல்கிறார் என்று நகையை அடகு வைத்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வட்டி கட்டப் போவது நீங்கள், நான்கு வருஷம் அங்கே உட்காரப் போவது அவன். அண்ணனுக்கு என்ன நஷ்டம்?

கம்ப்யூட்டர் பற்றி இரண்டு வார்த்தை பேசாத பையன், மேஸ்திரி மாமாவோடு எர்ணாவூர் சைட்டுக்குப் போன கதையை நிறுத்தவே இல்லை. கடலோர வீடுகளில் மட்டும் கம்பி ஏன் சீக்கிரம் துருப்பிடித்து காரை பெயர்கிறது என்று கேட்டான் பாருங்கள், அந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு பிழைப்பே இருக்கிறது.

கடல் உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் தின்கிறது; அதைத் தடுக்க ஒரு வழி இருக்கிறது. இரும்பு உருக்கும் ஊதுலையில் மேலே மிதக்கும் கசடை, ஸ்லாக் என்பார்கள், தண்ணீர் பாய்ச்சிச் சட்டென்று குளிரவைத்தால் மணல் மாதிரி குருணையாகும். அதை மாவாக அரைத்து, காங்கிரீட்டில் சிமென்ட்டைக் குறைத்துக்கொண்டு சேர்க்கிறார்கள். ஸ்லாக் சிமென்ட்டுக்கான ஐ.எஸ். 455 என்ற இந்தியத் தரம் 25 முதல் 70 சதவீதம் வரை கசடை அனுமதிக்கிறது. இறுகும்போது சூடு குறைவு, கடல் உப்பும் எளிதில் உள்ளே இறங்காது. ஆனால் முதல் வாரத்தில் பலம் மெதுவாகத்தான் ஏறும். சென்ட்ரிங்கை, அதாவது காங்கிரீட்டைத் தாங்கும் பலகையை, அவசரப்பட்டுப் பிரித்தாலோ, தண்ணீர் ஊற்றுவதில் கஞ்சத்தனம் பண்ணினாலோ போச்சு. கசடு என்றால் எல்லாமே ஒன்றல்ல: எஃகு உலைக் கசடில் தங்கிவிடும் சுண்ணாம்பு பின்னால் உப்பி காங்கிரீட்டையே வெடிக்கவைக்கும்.

இதையெல்லாம் பார்த்துச் சொல்லத்தான், காங்கிரீட்டைக் கலந்தே லாரியில் அனுப்பும் ரெடிமிக்ஸ் கம்பெனி லேபில் ஆள் தேவை. லாரி கிளம்புமுன் ஸ்லம்ப், அதாவது கலவை எவ்வளவு இளக்கம் என்று, பார்க்க வேண்டும், 15 செ.மீ. காங்கிரீட் க்யூப் வார்த்து 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் மெஷினில் வைத்து உடைத்துப் பலம் பார்க்க வேண்டும்.

வழி சுலபம். கணக்கு, இயற்பியல் படித்த பிளஸ் டூ பையன் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோவுக்கு நேரடியாக 2-ஆம் ஆண்டில் சேரலாம். தரமணியிலும் புரசைவாக்கத்திலும் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. கட்டணத்துக்கு நகையைத் தொட வேண்டாம். அப்புறம் ஆசையிருந்தால் பி.இ.யிலும் நேரடி 2-ஆம் ஆண்டு உண்டு. ஆரம்பச் சம்பளம் ஐ.டி. அளவுக்கு வராது, ராத்திரி காங்கிரீட் போட்டால் ராத்திரியும் நிற்க வேண்டும். இதைத் தம்பியிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்த முறை மார்க் ஷீட்டோடு வாருங்கள். அண்ணனைக் கூட்டிவர வேண்டாம். மேஸ்திரி மாமா வரட்டும்.