கணையப் புற்றுநோய் ஆபரேஷனுக்குப் பிறகு ரிப்போர்ட்டில் ‘ஆர்1’ என்று வந்திருக்கிறது. ஆபரேஷன் தோல்வியா?

தோல்வி இல்லை. உங்கள் அப்பாவுக்கு விப்பிள் ஆபரேஷன் (கணையத் தலையை முன்சிறுகுடலோடு சேர்த்து எடுப்பது) செய்த டாக்டர் "கட்டியை முழுசா எடுத்தாச்சு" என்று சொன்னது கண்ணுக்குத் தெரிந்ததை வைத்து. பயாப்ஸி ரிப்போர்ட் சொல்வது மைக்ராஸ்கோப்பில் தெரிந்ததை. ஆர்1 என்றால், எடுத்த துண்டின் விளிம்பிலோ (மார்ஜின்) அதை ஒட்டியோ மைக்ராஸ்கோப்பில் மட்டும் தெரிகிற புற்றுச் செல் இருக்கிறது என்று அர்த்தம், ஆர்0 என்றால் இல்லை. கண்ணுக்குத் தெரிகிற கட்டியையே உள்ளே விட்டிருந்தால் ஆர்2 என்று எழுதியிருப்பார்கள், அது வேறு விஷயம்.

நான் பேத்தாலஜி லேபில் இந்த மாதிரி சாம்பிள்களைப் பார்க்கிறவன். கணையத்தின் தலை, முன்சிறுகுடல், பித்தக்குழாயின் ஒரு துண்டு எல்லாம் ஒட்டியபடி ஃபார்மலினில் வரும். முன்பக்கம், பின்பக்கம், ரத்தக்குழாய் பதிந்திருந்த பள்ளம் என்று ஒவ்வொரு விளிம்புக்கும் அடையாளமாக வேறு வேறு கலரில் மை தடவி, பிரெட் மாதிரி ஸ்லைஸ் போட்டு, அந்த மைக்கும் பக்கத்தில் இருக்கிற புற்றுச் செல்லுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளப்போம். இந்தப் புற்று ஒரே உருண்டையாக நிற்காது, நரம்பைப் பிடித்துக்கொண்டு இழை இழையாக ஊரும், அதனால் தேடத் தேடக் கிடைக்கும். ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் இப்படி முறையாகப் பார்க்க ஆரம்பித்ததும் ஆர்1 விகிதம் 14 சதவீதத்திலிருந்து 76-க்கு ஏறியதாக 2008-இல் எழுதினார்கள். சர்ஜன்களின் கை திடீரென்று கெட்டுப்போய்விடவில்லை! எந்த மார்ஜின், எத்தனை மி.மீ. என்று எதுவும் எழுதாமல் ஒற்றை வரியில் ஆர்0 போட்ட ரிப்போர்ட்டைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

"இன்னும் கொஞ்சம் சேர்த்து வெட்டியிருக்கலாமே" என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் முடியாது. கணையத் தலைக்குப் பின்னால் ஒட்டினாற்போல ஓடுவது குடலுக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய தமனி. பக்கத்துச் சிரையையாவது வெட்டி இணைக்கலாம், தமனியில் கை வைப்பது பெரிய ஆபத்து.

சரி, ஆயுளைப் பாதிக்குமா? பாதிக்கும், மறைப்பதற்கில்லை. அதே ஹைடல்பெர்கின் 2017 கணக்கில், 1 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருந்தவர்களில் பாதிப் பேர் 41.6 மாதத்தைத் தாண்டினார்கள், 1 மி.மீ.க்குள் என்றால் 27.5, மையையே தொட்டிருந்தால் 23.4. ஆனால் அந்தக் கடைசிக் கூட்டத்திலும் ஐந்தில் ஒருவர் ஐந்து வருடம் தாண்டியிருக்கிறார். ஆகவே 'ஆர்1' என்பதோடு நிற்காமல், தொட்டதா, 1 மி.மீ.க்குள்ளா என்று கேளுங்கள். சில இடங்களில் தொட்டால்தான் ஆர்1, பிரிட்டன் முறையில் 1 மி.மீ.க்குள் வந்தாலே ஆர்1.

இப்போது உங்கள் கையில் இருப்பது கீமோ. 2018-இல் வெளியான பிரான்ஸ்–கனடா ஆய்வில் ஆர்1 வந்தவர்களும் நிறைய இருந்தார்கள். நான்கு மருந்து சேர்ந்த ஃபோல்ஃபிரினாக்ஸை டோஸ் மாற்றிக் கொடுத்தபோது பாதிப் பேர் 54.4 மாதம் தாண்டினார்கள், ஜெம்சிடபின் என்ற ஒரே கீமோ மருந்தை மட்டும் எடுத்தவர்களுக்கு அது 35. உடம்பு தாங்குமா என்பதை ஆன்காலஜிஸ்ட்தான் முடிவு செய்ய வேண்டும், அந்த மருந்து லேசானதில்லை. அடுத்த வாரமே தொடங்கியாக வேண்டும் என்று பதறாதீர்கள், தையல் ஆறி, சாப்பாடு இறங்கி, எடை நிற்கட்டும், பன்னிரண்டு வாரத்துக்குள் தொடங்கினால் சரி.

ரிப்போர்ட்டில் மி.மீ. கணக்கு இல்லையென்றால் லேபில் கேளுங்கள். ஸ்லைடும், திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கும் அங்கேதான் இருக்கும், திரும்பப் பார்த்து எழுதித் தரலாம்.