கரையில் வாங்கிய சாப்பாட்டைக் கப்பலுக்குள் கொண்டுவரலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

பயணக் கப்பல்களில் சமையலறைச் சுகாதாரத்தைக் கவனிக்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தேன். அதனால் கரையில் வாங்கிய உணவைப் பற்றி எனக்கு நிறையக் கேள்விகள் வருகின்றன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, முக்கியமானவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முதலில் ஒரு விஷயம். உங்கள் கையில் இருக்கும் உணவு இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும். கப்பலின் வாசலில் பயணிகளின் வயிற்றைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள், நாட்டின் வாசலில் அந்த மண்ணின் பயிரையும் கால்நடையையும் பற்றி. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதி வாக்குவாதம் வருகிறது.

கேள்வி: துறைமுகத்தில் இறங்கி பிஸ்கட், சாக்லேட், சிப்ஸ் எல்லாம் வாங்கினால் திரும்பி ஏறும்போது பிடுங்கிவிடுவார்களா?

பெரும்பாலான கப்பல்களில் மாட்டார்கள். மூன்று விஷயங்களைப் பாருங்கள். தொழிற்சாலையில் அடைத்த பாக்கெட்டாக இருக்க வேண்டும், சீல் உடைத்திருக்கக் கூடாது, ஃப்ரிட்ஜ் இல்லாமல் வெளியில் இருந்தாலும் கெடாததாக இருக்க வேண்டும். கார்னிவல், ராயல் கரீபியன் போன்ற பெரிய நிறுவனங்களின் விதிகளும் ஏறத்தாழ இப்படித்தான் இருக்கின்றன. வீட்டில் செய்தது, கடையில் திறந்த தட்டிலிருந்து எடை போட்டுத் தந்தது, பாதி சாப்பிட்டு மடித்து வைத்த பாக்கெட் இவற்றையெல்லாம் உள்ளே விடமாட்டார்கள். அளவும் கண்ணை உறுத்தாமல் இருக்கட்டும், பெட்டி பெட்டியாகத் தூக்கிவந்தால் கேள்வி கேட்கத்தான் செய்வார்கள்.

கேள்வி: கரையில் நல்ல உணவகத்தில் சாப்பிட்டோம். மிச்சத்தைப் பார்சல் கட்டிக்கொண்டு வந்தால் கேங்வேயிலேயே, அதாவது கப்பலுக்குள் ஏறும் பாலத்திலேயே, குப்பையில் போடச் சொன்னார்கள். காசு கொடுத்து வாங்கிய சாப்பாடு, நாங்கள்தானே சாப்பிடப்போகிறோம், கப்பலுக்கு என்ன?

அதிகம் வருவது இந்தக் கேள்விதான், கோபத்தோடு வருவதும் இதுதான். காசு கொடுத்த சாப்பாட்டைக் கண்ணெதிரே குப்பையில் போடுவது யாருக்கும் மனசு ஒப்பாத காரியம், அது எனக்குப் புரிகிறது.

ஆனால் அந்தப் பார்சலின் கணக்கைப் பாருங்கள். சமைத்த உணவு 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில் இருக்கும்போதுதான் கிருமிகள் வேகமாகப் பெருகும். அந்த நிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெளியே வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். நீங்கள் சாப்பிட்டு எழுந்து, நாலு கடை ஏறி இறங்கி, பேருந்தில் உட்கார்ந்து, துறைமுக வரிசையில் நின்று கேபினுக்குள் வரும்போது அந்த நேரம் எப்போதோ முடிந்திருக்கும். அதற்குப் பிறகு ராத்திரி பசிக்கும்போது பார்க்கலாம் என்று மேசை மேல் வைப்பீர்கள்.

சூடு பண்ணினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். ஆறிப்போன சோற்றில் வளரும் பேசிலஸ் சீரியஸ், சமைத்தவரின் கையிலிருந்து ஒட்டும் ஸ்டேஃபைலோகாக்கஸ் ஆரியஸ் இரண்டும் உணவிலேயே நச்சை விட்டுவைக்கும். சூடு பண்ணினால் கிருமி சாகலாம், அந்த நச்சு போகாது.

சரி, நாங்கள்தானே சாப்பிடுகிறோம் என்றால், வயிறு கெட்ட பிறகு விஷயம் உங்களோடு நிற்பதில்லை என்பதுதான் சிக்கல். அது வாந்தியும் வயிற்றுப்போக்கும் தந்து வேகமாகத் தொற்றும் நோரோவைரஸாக இருந்துவிட்டால் நூறுக்கும் குறைவான துகள்களே ஒருவரைப் படுக்க வைக்கப் போதும். ஒரே கைப்பிடி, ஒரே லிஃப்ட் பட்டன், ஒரே பஃபே கரண்டியை ஆயிரக்கணக்கானவர்கள் தொடும் இடம் கப்பல். அமெரிக்கத் துறைமுகங்களைத் தொடும் சர்வதேசப் பயணங்களில், பயணிகளிலோ ஊழியர்களிலோ 3 சதவீதம் பேருக்கு வயிற்றுப்போக்கு, வாந்தி என்று பதிவானால் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. கப்பலின் பெயரையே பொதுவில் வெளியிடும். அதன் கப்பல் சுகாதாரத் திட்டத்தில் முன்னறிவிப்பு இல்லாத சோதனைகளும் உண்டு. மொத்தம் 100 மதிப்பெண், 85 அல்லது அதற்குக் கீழே வந்தால் தோல்வி. நான் வேலை பார்த்த ஒரு கப்பலில் அப்படி ஒரு பரவல் வந்தபோது, மூன்று நாள் ராத்திரி பகலாகக் கைப்பிடிகளைத் துடைத்தோம், வயதான பயணிகள் சிலர் கேபினை விட்டு வெளியே வர முடியாமல் கிடந்தார்கள். அதைப் பார்த்த பிறகு, கேங்வேயில் நிற்கும் ஊழியர் கறாராக இருப்பதை என்னால் குறை சொல்ல முடியவில்லை.

பிடித்ததைக் கரையிலேயே உட்கார்ந்து, சூடாக, திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டு வாங்க. குறைவாகக் கேட்டு வாங்கி, வேண்டுமானால் இன்னொரு தடவை வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம், கப்பலில் ஏறியதும் சோப்பு போட்டுத் தண்ணீரில் கை கழுவுங்கள். வாசலில் வைத்திருக்கும் ஆல்கஹால் திரவம் நோரோவைரஸை அவ்வளவாக அசைப்பதில்லை.

கேள்வி: கேபினில் ஃப்ரிட்ஜ் இருக்கிறதே, அதில் வைத்தால் கெடாது அல்லவா?

பல கேபின்களில் இருப்பது பானங்களைக் குளிர்ச்சியாக வைக்கும் பெட்டிதான். பாட்டில் தொட்டால் ஜில்லென்று இருக்கும், ஆனால் சமைத்த உணவுக்கு வேண்டிய 5 டிகிரிக்கு அது இறங்கும் என்று நம்ப முடியாது. பால், இறைச்சி, வெட்டிய பழம் எதையும் அதை நம்பி வைக்காதீர்கள். இன்சுலின் போன்ற மருந்து வைத்திருப்பவர்கள் முன்கூட்டியே சொன்னால் பல நிறுவனங்கள் அதற்கென்று தனியாகச் சரியான ஃப்ரிட்ஜ் ஏற்பாடு செய்து தருகின்றன.

கேள்வி: கரையில் தூண்டில் போடும் சுற்றுலாவுக்குப் போகிறோம். பிடித்த மீனைக் கப்பல் சமையல்காரர் சமைத்துத் தருவாரா?

பெரிய கப்பல்களில் அதை எதிர்பார்க்காதீர்கள். எங்கிருந்து வந்தது, எந்த வெப்பநிலையில் வந்தது என்று தெரிந்த சரக்குதான் அந்தச் சமையலறைக்குள் நுழையலாம். உங்கள் மீன் பிடித்தவுடன் ஐஸில் போடப்பட்டதா, வெயிலில் படகுத் தளத்தில் கிடந்ததா என்று சமையல்காரருக்குத் தெரியாது. சூரை, கானாங்கெளுத்தி போன்ற மீன்கள் சரியாகக் குளிரூட்டப்படாமல் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமைன் என்ற வேதிப்பொருள் சேர்ந்துவிடும், எவ்வளவு வேகவைத்தாலும் அது அழியாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, தலை வலித்து, உடம்பெல்லாம் அரிப்பெடுக்கும். கரையிலேயே சமைத்துத் தரும் ஏற்பாடு இருக்கிறதா என்று சுற்றுலா நடத்துபவரிடம் கேளுங்கள், அதுதான் நல்ல வழி.

கேள்வி: குழந்தைக்கு எட்டு மாதம். கூடவே எனக்கு வேர்க்கடலை ஒவ்வாமை உண்டு. வழியில் உணவு வாங்கி வைத்துக்கொள்ளாமல் எப்படிச் சமாளிப்பது?

உங்களுக்காக விதி தளரும், கவலைப்படாதீர்கள். குழந்தைக்கான பால் பொடி, சீல் உடைக்காத குழந்தை உணவு, மருத்துவக் காரணத்துக்கான சிறப்பு உணவு இவற்றைக் கப்பல்கள் பொதுவாக அனுமதிக்கின்றன. ஆனால் ஏறும் நாளன்று வாசலில் நின்று விளக்குவதாக இருக்கக் கூடாது. முன்பதிவு செய்யும்போதே, குறைந்தது சில வாரங்களுக்கு முன்னால், சிறப்புத் தேவைகளைப் பார்க்கும் பிரிவுக்கு எழுதி, பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் கடிதம் இருந்தால் இன்னும் நல்லது.

ஒவ்வாமை இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். கரையில் வாங்கும் பாக்கெட்டில் மொழி தெரியாத எழுத்தில் அச்சடித்திருந்தால், படம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரே பிராண்டு, ஒரே உறை, ஆனால் நாட்டுக்கு நாடு உள்ளே போடுகிற பொருள் மாறும். கப்பலில் தலைமைச் சமையல்காரரையோ உணவக மேலாளரையோ முதல் நாளே பார்த்துப் பேசிவிட்டால், மறுநாள் மெனுவை முந்தைய இரவே காட்டி, உங்கள் தட்டைத் தனியாகத் தயார் செய்வார்கள். இதைக் கேட்கத் தயங்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வேலையே அது, தாராளமாகக் கேளுங்கள். அவசரத்துக்கான ஊசி மருந்து பையிலேயே இருக்கட்டும், கேபினில் வைத்துவிட்டுக் கரைக்குப் போகாதீர்கள்.

இன்னொன்று, கப்பல் போகும் நாட்டின் விதியையும் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் பயணி இறைச்சி, பால் பொருட்களை உள்ளே கொண்டுபோக முடியாது. ஆனால் குழந்தைப் பால் பொடி, குழந்தை உணவு, மருத்துவச் சிறப்பு உணவு ஆகியவற்றுக்கு ஆளுக்கு 2 கிலோ வரை விலக்கு உண்டு. அப்போது பயன்படுத்திக்கொண்டிருப்பதைத் தவிர மற்றவை திறக்காத பாக்கெட்டாக இருக்க வேண்டும், திறக்கும் வரை ஃப்ரிட்ஜ் தேவைப்படாததாகவும் இருக்க வேண்டும்.

கேள்வி: பஃபேயில் எடுத்த ஒரு ஆப்பிளைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினேன், வாங்கி வைத்துக்கொண்டார்கள். கப்பல் கொடுத்த பழம்தானே?

நாட்டின் வாசல் என்றேனே, அது இங்கேதான் வருகிறது. அந்தப் பழம் கப்பலுக்கு எந்த நாட்டிலிருந்து வந்தது என்பது உங்களுக்கும் தெரியாது, அதிகாரிக்கும் தெரியாது. உள்ளே ஒரு பழ ஈயின் முட்டை இருந்தால், கடித்துவிட்டு எறிந்த அந்த ஒரு பழமே ஒரு தோட்டத்துக்கு ஈயைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.

இறைச்சி விஷயத்தில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 2007-ல் ஜார்ஜியா நாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் தோன்றியது. கருங்கடலோரம் இருக்கும் போட்டி என்ற துறைமுகத்தில், ஏதோ ஒரு கப்பலிலிருந்து இறக்கிய உணவுக் கழிவைப் பன்றிகள் தின்றதால் அது நுழைந்திருக்கும் என்றுதான் கருதப்படுகிறது. அங்கிருந்து ரஷ்யா, கிழக்கு ஐரோப்பா என்று பரவி, அதே வகை வைரஸ் 2018-ல் சீனாவையும் எட்டியது. கோடிக்கணக்கான பன்றிகள் போயின. அந்த நோய்க்குச் சிகிச்சை இல்லை. ஒரு துண்டு சாண்ட்விச்சுக்கு இவ்வளவு கெடுபிடியா என்று கேட்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன்.

நியூசிலாந்தில் ஆபத்தான உணவை அறிவிக்காமல் வைத்திருந்தால் அங்கேயே 400 நியூசிலாந்து டாலர் அபராதம். தேன்கூட அங்கே கொண்டுபோகக் கூடாது. ஆஸ்திரேலியாவும் இதே அளவு கறார். கப்பலில் எடுத்த பழம், சாண்ட்விச், வேகவைத்த முட்டை எதுவானாலும் இறங்குவதற்கு முன்னாலேயே சாப்பிட்டு முடித்துவிடுங்கள்.

கேள்வி: தண்ணீர் பாட்டில், ஒயின்?

இது முழுக்க நிறுவனத்தைப் பொறுத்தது. கார்னிவலும் ராயல் கரீபியனும் முதல் நாள் ஏறும்போது மட்டும் பெரியவர் ஒருவருக்கு 750 மில்லிலிட்டர் ஒயின் ஒரு பாட்டில் அனுமதிக்கின்றன. இடையில் துறைமுகத்தில் வாங்கும் மதுவை வாங்கி வைத்து, பயணம் முடியும்போது திருப்பித் தருவார்கள். டிஸ்னி நிறுவனத்தின் கப்பல்களில் ஒவ்வொரு துறைமுகத்திலும் குறிப்பிட்ட அளவு கொண்டுவரலாம். விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை, உங்கள் டிக்கெட்டோடு வரும் ஒப்பந்தத்தைப் படித்துவிடுங்கள். தண்ணீருக்காகக் காசு கொட்டத் தேவையில்லை. கப்பலின் குழாய்த் தண்ணீர் சுத்திகரித்து, குளோரின் கலந்து, தொடர்ந்து சோதிக்கப்படுவது, தைரியமாகக் குடிக்கலாம்.

கேள்வி: பையின் அடியில் துணிக்குள் சுருட்டி வைத்தால் தெரியாது என்று நண்பர் சொல்கிறாரே?

தெரியும். ஒவ்வொரு முறை ஏறும்போதும் பை எக்ஸ்ரே இயந்திரம் வழியாகத்தான் போகிறது. உயிர்ப்பொருள் அடங்கியவை அந்தத் திரையில் பெரும்பாலும் ஆரஞ்சு நிறத்தில் தெரியும், பழத்தின் உருவம் அப்படியே பளிச்சென்று இருக்கும். தண்ணீர் சூடாக்கும் கம்பி, கெட்டில் இவற்றையும் சேர்த்தே சொல்கிறேன், அவை தீ அபாயம், கேபினில் இருந்தால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஒளித்து மாட்டுவதைவிடப் பையைத் திறந்து “இது சரியா?” என்று கேட்பது எவ்வளவோ மேல். நான் பார்த்தவரை, கேட்டவர்களுக்கு ஊழியர்கள் பொறுமையாகத்தான் பதில் சொன்னார்கள்.

கேள்வி: கடைசித் துறைமுகத்தில் உறவினர்களுக்குக் கொடுக்க இனிப்பும் பாலாடைக்கட்டியும் வாங்கப்போகிறேன். கப்பல் விட்டுவிட்டால் போதும்தானே?

போதாது. கப்பல் அனுமதித்ததற்கும் உங்கள் நாட்டுச் சுங்கம் அனுமதிப்பதற்கும் சம்பந்தமே இல்லை. சீல் வைத்த இனிப்பு பெரும்பாலும் பிரச்சினையில்லாமல் போகும். பாலாடைக்கட்டி, பதப்படுத்திய இறைச்சி, விதை, பச்சைப் பழம் இவைதான் மாட்டிக்கொள்பவை. வாங்கும் கடையில் ரசீது கேட்டு வாங்குங்கள், பொருளின் பெயரும் தயாரித்த நாடும் இருக்கிற உறையைக் கிழிக்காமல் வையுங்கள், இறங்கும்போது தரும் படிவத்தில் உணவு இருக்கிறதா என்ற கேள்விக்கு ஆம் என்று குறியிடுங்கள். அறிவித்த பொருள் தடைசெய்யப்பட்டதாக இருந்தாலும் பொதுவாக அதை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். படிவத்தில் இல்லை என்று குறித்துவிட்டுப் பையில் வைத்திருந்தால்தான் அபராதம் கட்டவேண்டி வரும்.