வாசகர் கேள்வி-பதில்: தேய்க்கத் தேய்க்க முகம் ஏன் தட்டையாகிறது?

கேள்வி: ஆயில் பெயின்ட்டிங்கில் உருவப்படம் பழக, பிரெஞ்சு ஓவியர் ஆங்கர் வரைந்த 'பெர்த்தான்' (1832) படத்தைப் பிரதி எடுக்கிறேன். எவ்வளவு மென்மையாகத் தேய்த்தாலும் முகம் புடைப்பில்லாமல் தட்டையாகிவிடுகிறது. என்ன தவறு?

பதில்: தேய்ப்பதுதான் தவறு. வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் போகும் ஒவ்வொரு இடைநிறத்தையும் தனித்தனியே கலந்து அடுத்தடுத்து வைத்தால்தான் அந்த வழவழப்பு வரும். ஆங்கர் தூரிகைத் தடத்தை மறைத்துவிடுவார் என்பதால், தொடக்கத்திலேயே அவரிடம் கற்பது கடினம். அவருடைய ஆசான் ழாக் லூயி தாவீத் முடிக்காமல் விட்ட படங்களுக்குப் போங்கள். சிறையிலிருந்தபோது வரைந்த தன்னுருவப்படம் (1794), 'மதாம் ரெகாமியே' (1800) இரண்டும் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளன. ரெகாமியேயின் பின்னணியில் மெல்லிய பழுப்புத் தீற்றல்களின் ஊடாக அடிப்பூச்சே தெரியும். முடிந்த படங்களில் புதைந்துபோகும் படிகளை அங்கே கண்ணால் பார்க்கலாம். முழு உருவம் வேண்டாம், தலை மட்டும் போதும்.

நெருக்கமான நெசவுள்ள கேன்வாஸில் ஜெஸ்ஸோ என்னும் வெள்ளை அடிப்பூச்சை மூன்று கை பூசி, ஒவ்வொரு கையும் காய்ந்தபின் 220 எண் உப்புத்தாளால் தேயுங்கள். கட்டம் போட்டுக் கோட்டுருவத்தை ஏற்றுங்கள். ரா அம்பர் என்னும் பழுப்பு நிறத்தை டர்பன்டைனில் மட்டும் கரைத்து நிழல்களை இட்டு, வெளிச்சப் பகுதிகளைத் துணியால் துடைத்தெடுங்கள். அம்பரிலுள்ள மாங்கனீசு அதை வேகமாகக் காயவைக்கும். காய்ந்ததும் மூலத்தை அருகில் வைத்து, கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். நிழலின் வடிவம் ஒத்துப்போகாதவரை வண்ணத்தைத் தொடாதீர்கள். இங்கே அவசரப்பட்ட படத்தைப் பின்னால் எந்த நிறமும் காப்பாற்றாது.

வெள்ளை, யெல்லோ ஓக்கர், ரா அம்பர், ஐவரி பிளாக், பழைய வெர்மிலியனுக்குப் பதிலாக காட்மியம் ரெட்: இந்த ஐந்து நிறமும் முகத்துக்குப் போதும். தூரிகையை எடுக்குமுன்பே, வெளிச்சம் முதல் நிழல் வரை ஐந்து குவியல்களைப் பேலட்டில் கலந்து வையுங்கள். ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் வைத்தபின், இரண்டு நிறம் சந்திக்கும் விளிம்பை மட்டும் உலர்ந்த மென்தூரிகையால் ஒருமுறை தொடுங்கள். திரும்பத் திரும்பத் தொட்டால் நடு இடைநிறம் கரைந்து, கன்னத்தின் வளைவும் அதோடு போய்விடும்.

இந்தப் பூச்சுக்கு ஒரு பங்கு ஆளிவிதை எண்ணெய், மூன்று பங்கு டர்பன்டைன். அடுத்ததற்கு ஒன்றுக்கு இரண்டு. எண்ணெய் மிகுந்த பூச்சின் மேல் எண்ணெய் குறைந்ததைப் பூசினால், மேல்பூச்சு முந்திக் காய்ந்து வெடிக்கும்.

கேள்வி: நெற்றி சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளிறிப்போகிறது.

பதில்: டைட்டானியம் ஒயிட்டின் வலிமை அது. தாவீத் காலத்து ஈய வெள்ளை இவ்வளவு மூடாது, ஆனால் நச்சு, பழகுபவர்களுக்கு வேண்டாம். டைட்டானியத்தைப் பாதியாகக் குறைத்து, ஓக்கரால் நிறத்தை வெளுக்கச் செய்யுங்கள். வெறும் வெள்ளை மூக்குநுனிப் பளபளப்புக்கும் கண்ணின் ஒளிப்புள்ளிக்கும் மட்டும்.

கேள்வி: காய்ந்தபின் நிழல்கள் மங்கித் திட்டுத்திட்டாகத் தெரிகின்றன.

பதில்: அடிப்பூச்சு எண்ணெயை உறிஞ்சிவிட்டது. எண்ணெயும் டர்பன்டைனும் சம அளவு கலந்து, மங்கிய இடத்தில் மிக மெல்லியதாகத் தடவி, மிச்சத்தை உடனே துடைத்துவிடுங்கள். உண்மையான நிறம் திரும்பத் தெரியும். அதன்மேல் வேலையைத் தொடரலாம். இறுதி வார்னிஷுக்கு ஆறு மாதமாவது பொறுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள்: ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடேறி, குவிந்த துணி தானாகவே தீப்பற்றும். தண்ணீர் நிரப்பிய மூடியுள்ள உலோக டப்பாவில் போடுங்கள்.