அரசு நிதியில் இயங்கும் பெரிய சேவை நிறுவனங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பெரிய சமூக சேவை நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுள் சிலவற்றுக்கு இங்கே பதிலளிக்கிறேன். கேள்விகள் பலவானாலும் அவற்றின் அடியில் இருப்பது ஒரே ஐயம்தான்: இவ்வளவு அரசுப் பணம் வரும் நிறுவனத்துக்குப் பணத் தட்டுப்பாடு எப்படி வரும்?

ஒரு நிறுவனத்தின் வருவாயில் பத்தில் எட்டுப் பங்கு அரசிடமிருந்தே வருகிறது. அதை அறநிறுவனம் என்று சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். எந்த நோக்கத்துக்காக ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது, அதன் உபரி தனியார் எவருடைய கைக்கும் போகாமல் அந்த நோக்கத்துக்கே திரும்புகிறதா என்பவற்றைக் கொண்டுதான் பொதுவாகச் சட்டம் அறநிறுவனத்தை அடையாளம் காண்கிறது. பணம் யாரிடமிருந்து வருகிறது என்பது அதற்கு அளவுகோல் அன்று.

ஆனால் 'அரசு நிதி' என்ற ஒற்றை வரிக்குள் இரு வேறு வகைப் பணம் அடங்கியிருப்பதைக் கவனிக்க வேண்டும். மானியம் என்பது ஒரு திட்டத்தை நடத்துவதற்காக மொத்தமாகத் தரப்படுவது. சேவைக் கட்டணம் என்பது செய்து முடித்த பணிக்குக் கணக்கிட்டுத் தரப்படுவது. ஆஸ்திரேலியாவில் 2013-இல் தொடங்கிய தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்பீட்டுத் திட்டத்தில், நிதி பயனாளியின் பெயரில் ஒதுக்கப்படுகிறது. அவர் எந்த நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கிறாரோ அந்த நிறுவனம் சேவையை அளித்த பிறகே கட்டணம் பெறுகிறது. பயனாளிக்கு இது பெரிய உரிமை. நிறுவனத்துக்கோ, அடுத்த ஆண்டு வருவாய் எவ்வளவு என்ற உறுதி இல்லாமல் போகிறது.

கணக்கில் பெரிய உபரி இருக்கிறது. ஆனாலும் நன்கொடை கேட்கிறார்கள். இது சரியா?

உபரி என்ற சொல்லைக் கண்டதும் வங்கியில் சும்மா கிடக்கும் பணம் என்று எண்ணிவிடக் கூடாது. மூன்றாண்டுத் திட்டத்துக்கான தொகை முதலாண்டிலேயே வந்து, அந்தந்த நாட்டின் கணக்கியல் விதிப்படி அது அந்த ஆண்டின் வருவாயாகவே காட்டப்பட்டால், முதலாண்டில் உபரியும் அடுத்த ஈராண்டுகளில் பற்றாக்குறையும் தோன்றும். உண்மையில் எதுவும் மிஞ்சவும் இல்லை, குறையவும் இல்லை.

அதைவிட முக்கியமானது, பணத்தின் மீதுள்ள நிபந்தனை. இளைஞர் விடுதிக்கென்று தரப்பட்ட தொகையை முதியோர் இல்லத்தின் சம்பளத்துக்கு எடுக்க முடியாது. செலவாகாத பகுதியைத் திருப்பித் தர வேண்டிய ஒப்பந்தங்களும் உண்டு. இதனால்தான் பிரிட்டனில் அறநிறுவனங்கள் நிபந்தனைக்குட்பட்ட நிதியையும் பொது நிதியையும் தனித்தனியே காட்டுகின்றன. அமெரிக்காவில் 2016-இல் திருத்தப்பட்ட கணக்கியல் விதிகள், அடுத்த ஓராண்டுக்குள் செலவுக்கு எடுக்கக்கூடிய பணம் எவ்வளவு என்பதையும் கணக்குக் குறிப்புகளில் சொல்லும்படி கேட்கின்றன. நிறுவனத்தின் உண்மையான பலம் அந்த எண்ணில்தான் தெரியும். மொத்தச் சொத்தில் கட்டடங்களும் அடங்கும். கட்டடத்தை விற்றுச் சம்பளம் கொடுக்கும் நிலைக்கு வந்த நிறுவனம் ஏற்கெனவே ஆபத்தில் இருக்கிறது.

மானியம் வந்துகொண்டே இருக்கும்போது ஒரு நிறுவனம் எப்படி மூழ்கும்?

வந்த கேள்விகளில் இதையே நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். நியூயார்க்கில் 1934-இல் தொடங்கிய ஃபெக்ஸ் என்ற நிறுவனம் வேலைவாய்ப்பு, மனநலம், மாற்றுத்திறனாளிகள் நலம் எனப் பல துறைகளில் ஆண்டுதோறும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குப் பணியாற்றியது. 2014-இன் இறுதியில் 1.94 கோடி டாலர் இழப்பு வெளிப்பட்டது. 2015 ஜனவரியில் மூடப்போவதாக அறிவித்தது. மார்ச்சில் திவால் மனுத் தாக்கல் செய்தது. முழுச் செலவை ஈடுகட்டாத ஒப்பந்தங்கள், வரும் என்று எழுதிவைத்து வராமற்போன வருவாய், தேவைக்கு மிஞ்சிய கட்டடங்கள், பலிக்காத முதலீடுகள் ஆகியவை அது சொன்ன காரணங்களுள் அடங்கும்.

இந்தக் காரணங்களுள் முதலாவதுதான் மற்ற நிறுவனங்களையும் அரிப்பது. ஒரு சேவைக்கு நூறு செலவாகும்போது அரசு தொண்ணூறு மட்டும் தந்தால், நிறுவனம் வளர வளர இழப்பும் வளரும். அதோடு பணம் தாமதமாகவும் வருகிறது: ஊழியரின் சம்பளத்தை மாதக் கடைசியில் கொடுத்தாக வேண்டும், அரசின் பணமோ கட்டணப் பட்டியல் சரிபார்க்கப்பட்டுப் பல வாரங்கள் கழித்து வரும். இடைவெளியைக் கடன் நிரப்புகிறது. கடனுக்கான வட்டியைச் சில மானியங்கள் ஏற்பதில்லை. ஒப்பந்தத் தொகை பல ஆண்டுகளுக்கு மாறாமல் நிற்க, சட்டப்படியான ஊதியமும் வாடகையும் உயர்ந்துகொண்டே போனால், தவறு எதுவும் செய்யாத நிறுவனமும் மெல்ல மெல்ல நலியும். 1889-இல் தொடங்கப்பட்ட சிகாகோவின் ஹல் ஹவுஸ் என்ற சமூக சேவை நிறுவனம், 2012 ஜனவரியில் மூடப்பட்டபோது தன் வருவாயின் பெரும்பகுதிக்கு அரசையே நம்பியிருந்தது. நூற்றாண்டுப் பெருமையால் ஒரு மாதச் சம்பளத்தைக் கூடக் கொடுக்க முடியாது என்பதைப் பெரிய நிறுவனங்களின் நிர்வாகக் குழுக்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

பிரிட்டனில் சிறுவர், இளைஞர் நலனுக்காக இயங்கிய கிட்ஸ் கம்பெனி என்ற அறநிறுவனம் வேறு வகைப் பாடம். அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் அதற்குக் குறைந்தது 4.6 கோடி பவுண்டு பொதுப்பணம் கிடைத்ததாகக் கணக்கிட்டது. 2015 ஜூலை இறுதியில் 30 லட்சம் பவுண்டு மானியம் பெற்ற அந்நிறுவனம், சில நாள்களிலேயே, ஆகஸ்ட் 5 அன்று மூடப்பட்டது. அதன் அறங்காவலர்களைத் தகுதிநீக்கம் செய்யக் கோரிய வழக்கை 2021-இல் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம். ஆனால் உதவி தேடி வந்தோரின் எண்ணிக்கை பெருகியபோது அதற்கேற்ற காப்பு நிதி சேர்ந்திருக்கவில்லை என்பது மறுக்க முடியாதது.

நிர்வாகச் செலவு குறைவாக உள்ள நிறுவனமே நல்லது என்கிறார்களே?

இந்தக் கருத்து பெருந்தீங்கு செய்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். கணக்கர், கணினி அமைப்பு, ஊழியர்களின் பின்னணிச் சரிபார்ப்பு, பயிற்சி, உள்தணிக்கை ஆகிய எல்லாம் அந்தத் தலைப்பின் கீழ்தான் வருகின்றன. இவற்றை வெட்டினால் முதலில் பாதிக்கப்படுவது பயனாளியின் பாதுகாப்பு. அமெரிக்கக் கூட்டாட்சி அரசும் இதை உணர்ந்தே, தனக்கென ஒப்புக்கொள்ளப்பட்ட மறைமுகச் செலவு விகிதம் (இத்தகைய நிர்வாகச் செலவுக்காக மானியத்தில் சேர்த்துக்கொள்ளும் பங்கு) இல்லாத நிறுவனங்களுக்கு அனுமதித்த 10 சதவீதத்தை 2024 அக்டோபர் முதல் 15 சதவீதமாக உயர்த்தியது.

அரசிடம் பணம் பெறும் நிறுவனம் அரசின் கொள்கையை விமர்சிக்கலாமா?

விமர்சிக்க வேண்டும், ஒரு கொள்கை ஏழைகளை எங்கே தாக்குகிறது என்பது களத்தில் இருப்போருக்கே முதலில் தெரிகிறது. ஆஸ்திரேலியாவில் 2013-இல் இயற்றப்பட்ட சட்டம், கூட்டாட்சி அரசின் நிதி ஒப்பந்தங்களில் வாய்ப்பூட்டு நிபந்தனைகள் இடம்பெறுவதைத் தடுக்கிறது. பிரிட்டனில் 2016-இல் அத்தகைய நிபந்தனை ஒன்று அறிவிக்கப்பட்டு, கடும் எதிர்ப்புக்குப் பின் கைவிடப்பட்டது.

ஒரு பெரிய நிறுவனத்தின் அறங்காவலர் குழுவில் சேர அழைத்திருக்கிறார்கள். எதைக் கேட்க வேண்டும்?

கடைசி மூன்றாண்டுகளின் தணிக்கை செய்யப்பட்ட கணக்குகளைக் குறிப்புகளோடு கேளுங்கள். படங்கள் நிறைந்த ஆண்டறிக்கை போதாது. நிபந்தனையற்ற பணம் எத்தனை மாதச் செலவுக்குப் போதும் என்று கேளுங்கள். ஒவ்வோர் ஒப்பந்தமும் முழுச் செலவை ஈடுகட்டுகிறதா, ஈடுகட்டாவிட்டால் அந்தக் குறையை எந்தப் பணம் நிரப்புகிறது, மிகப் பெரிய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாவிட்டால் ஊழியர்களுக்கான பணிமுடிவுத் தொகை எங்கிருந்து வரும் என்பவற்றை நிதி இயக்குநரிடமே நேரில் கேளுங்கள். நட்டம் தரும் ஒப்பந்தத்தை இந்தக் குழு எப்போதாவது மறுத்திருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். இவற்றுக்குத் தெளிவான விடை கிடைக்காவிட்டால், கிடைக்கும் வரை ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்திட வேண்டாம்.