கண் நிறம் மாறினால் ஆளே மாறிவிட்டாரா?

கேள்வி: நான் விடாமல் படித்துவரும் மாயாஜால நாவல் வரிசை மொத்தம் ஏழு பாகம், ஐந்துதான் வந்திருக்கிறது. இரண்டாம் பாகத்தில் தளபதிக்குச் சாம்பல் நிறக் கண்கள், நான்காம் பாகத்தில் பழுப்பு. நடுவில் ஆள் மாறிவிட்டார், இவர் உருமாறி வந்த எதிரி என்று நாற்பது பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அக்கா மகனோ, "எழுத்தாளர் மறந்துட்டார், சித்தி" என்று சிரிக்கிறான். யார் சொல்வது சரி?

பதில்: நாற்பது பக்கமா! உங்கள் கைக்கு ஒரு கும்பிடு. ஆனால் பையனை அதட்டிவிடாதீர்கள், அவன் பக்கமும் சாட்சி பலமாகவே இருக்கிறது.

ஹாரி பாட்டர் நான்காம் பாகம் 2000இல் வந்தது. வில்லனின் மந்திரக்கோல், தான் செய்த கொலைகளைக் கடைசியிலிருந்து வரிசையாகக் கக்கும் காட்சி அதில் உண்டு. ஹாரியின் பெற்றோரில் பிறகு இறந்தவர் அம்மா. ஆகவே அவர் நிழல்தான் முன்னால் வந்திருக்க வேண்டும். வந்ததோ அப்பா. ரசிகர்கள் விடுவார்களா? தியரி மேல் தியரி கட்டினார்கள். அடுத்தடுத்த அச்சுகளில் வரிசை திருத்தப்பட்டது. வெறும் பிழை, அவ்வளவுதான். உங்கள் நான்காம் பாகம் எத்தனையாவது அச்சு என்று முதலில் பாருங்கள்.

அதே தொடரில் ரசிகர்கள் ஜெயித்த கதையும் உண்டு. (இன்னும் படிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) 2005இல் வந்த ஆறாம் பாகத்தின் முடிவில் ஒரு போலி லாக்கெட், அதற்குள் அசலை எடுத்துவிட்டதாகச் சொல்லும் ஒரு துண்டுச் சீட்டு, கீழே 'ஆர்.ஏ.பி.' என்ற கையெழுத்து. விடை 2007இல்தான் வந்தது; அதற்குள்ளேயே பலர் அது ரெகுலஸ் பிளாக் என்று சொல்லிவிட்டார்கள். எழுத்து பொருந்தியது மட்டும் காரணமல்ல. ஐந்தாம் பாகத்தில் பிளாக் குடும்ப வீட்டைச் சுத்தம் செய்யும்போது, தட்டுமுட்டுச் சாமான்களுக்கு நடுவே யாராலும் திறக்க முடியாத கனத்த லாக்கெட் ஒன்று அரை வரியில் வந்து போகிறது. ரெகுலஸ் வில்லன் கூட்டத்திலிருந்து விலகப் பார்த்து உயிரை விட்டவன் என்பதும் அதே பாகத்தில்தான். போதாததற்கு டச்சு மொழிபெயர்ப்பு காட்டிக்கொடுத்தது: அங்கே பிளாக் குடும்பத்தின் பெயர் இசட் எழுத்தில் தொடங்கும், கையெழுத்தும் 'ஆர்.ஏ.இசட்.' ஆகிவிட்டது. பாவம், மொழிபெயர்ப்பாளர் வேறு என்னதான் செய்வார்!

வெவ்வேறு இடங்களில் கிடந்த மூன்று துண்டுகள் ஒரே ஆளிடம் போய் நின்றன. உங்கள் தளபதியிடம் கண் நிறத்தைக் கழித்துவிட்டால் என்ன மிஞ்சுகிறது? பழைய நண்பனை அடையாளம் தெரியாமல் விழித்தாரா? வலது கைக்காரர் இடது கையில் வாள் எடுத்தாரா? நாற்பதில் முப்பத்தைந்து பக்கம் கண்ணைப் பற்றியே என்றால் எனக்குக் கொஞ்சம் கவலைதான்.

நீங்கள் இருவருமே யோசிக்காத மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' நாவல்களை எழுதும் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின், ஒரு குதிரை தன் கதையில் ஆண், பெண் என்று மாறிவிட்டதை மறதி என்றே ஒப்புக்கொண்டவர். அவர் கதையிலேயே சான்சா என்ற பெண், நடக்காத ஒரு முத்தத்தை நடந்ததாக நினைவு வைத்திருக்கிறாள். அது வேண்டுமென்றே வைத்தது என்கிறார். அங்கே ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு பாத்திரத்தின் பார்வையில் ஓடுவதால், தப்பு அவளுடையது, அவருடையது அல்ல. உங்கள் தொடரில் கண்கள் சாம்பல் என்று சொன்னது யார், பழுப்பு என்றது யார்? இருவரும் வேறு வேறு ஆள் என்றால், பொய் சொல்வது தளபதியாக இருக்க வேண்டியதில்லை.

அது தெரியும்வரை ஒன்று செய்யுங்கள். நாற்பதாம் பக்கத்தின் கீழே தேதி போட்டு, அக்கா மகனிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். ஆறாம் பாகம் வந்த பிறகு "நான் அப்பவே சொன்னேன்" என்றால் அவன் நம்பமாட்டான்.