ஷெனின் பிளாங்க்: ஒரே திராட்சை ஏன் இனிப்பாகவும் இனிப்பின்றியும் வருகிறது?

ஜார்ஜ்டவுன் பேரங்காடியில் வாங்கிய இரண்டு புட்டிகளிலும் ஷெனின் பிளாங்க் என்றே எழுதியிருக்க, ஒன்று தேனாகவும் மற்றொன்று துளி இனிப்பின்றியும் இருப்பது ஏன் என்பது கேள்வி.

ஷெனின் பிளாங்க் என்பது பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கில் பல நூற்றாண்டுகளாக விளையும் வெள்ளை ஒயின் திராட்சை. தென்னாப்பிரிக்காவில் மிக அதிகமாகப் பயிராகும் ஒயின் திராட்சையும் இதுவே. அங்கே ஸ்டீன் என்றும் அழைப்பார்கள்.

ஒரே திராட்சை இருவிதமாகவும் வரக் காரணம், நன்கு கனிந்த பின்னும் பெரிதும் குறையாமல் நிற்கும் அதன் புளிப்பு. குலைகள் ஒன்றுபோலப் பழுக்காததால், லுவாரில் ஒரே தோட்டத்தில் பல தடவை பறிப்பார்கள்: முன்னதாகப் பறித்தவை நுரைக்கும் ஒயினுக்குப் போக, பூஞ்சணம் பற்றி உலர்திராட்சைபோல் சுருங்கி, சீனி திரண்ட கடைசிப் பழங்கள் இனிப்பு ஒயினாகின்றன. மாமாக் கடையில் வாங்கும் லிமாவ் ஐஸை நினைத்துப் பாருங்கள். எலுமிச்சையின் புளிப்பு இருப்பதால்தான் சீனி சற்றுக் கூடினாலும் திகட்டுவதில்லை, வெறும் சீனித் தண்ணீரையோ இரண்டு மடக்குக்கு மேல் குடிக்க முடியாது. அந்தப் புளிப்பே நல்ல ஷெனினைப் பல பத்தாண்டுகள் கெடாமல் காப்பதும். என் கணிப்பில் அதன் தனிப்பெருமை இதுதான்.

ஷெனின் என்றாலே இனிப்பு எனப் பலர் எண்ணுவது தவறு. நொதிக்கும்போது சீனி முழுவதும் மதுசாரமாக மாறிவிட்டால் இனிப்பற்ற ஒயின், நடுவில் நின்றுவிட்டால் இனிப்பு ஒயின், ஆகவே நுரைக்காத பிரெஞ்சு ஒயின் புட்டியில் ‘செக்’ என்றிருந்தால் அது இனிப்பற்றது, ‘டெமி செக்’ என்றிருந்தால் ஓரளவு இனிப்பானது.