தனிமமா, சேர்மமா, கலவையா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இரும்புத்தூளையும் கந்தகத்தையும் சூடாக்கிக் கிடைத்த கறுப்புக் கட்டி இன்னும் காந்தத்தில் ஒட்டுகிறதே, சேர்மம் உருவாகவில்லையா?

இரும்பும் கந்தகமும் வேதிமுறையில் இணைந்த சேர்மமான இரும்பு சல்பைடு உருவாகியிருக்கும். கூடவே வினைபுரியாத இரும்பும் மிஞ்சியிருக்கும். அணு நிறை இரும்புக்கு 56, கந்தகத்துக்கு 32. ஆகவே 7 கிராம் இரும்புக்கு 4 கிராம் கந்தகம் தேவை. அளவு சரியாக இருந்தும் ஒட்டினால், இரும்புத்தூள் பருமனாக இருந்திருக்கும். இல்லையேல் கந்தகத்தில் ஒரு பங்கு வினைபுரியும் முன்பே ஆவியாகிப் போயிருக்கும். இரண்டையும் நன்றாக அரைத்துக் கலந்து, சோதனைக்குழாயின் அடிப்பக்கம் மட்டும் சூடுபடுத்துங்கள். செந்தணல் தோன்றியதும் சுடரை விலக்கிவிடலாம். வினையில் பிறக்கும் வெப்பமே தணலை மேலே கொண்டுபோகும். வெறும் கலவையில் இது நடக்காது.

காந்தத்தை மட்டும் நம்பவும் கூடாது. இரும்பு சற்றுக் குறைந்த ஒருவகைச் சல்பைடு தானே காந்தத்தால் ஈர்க்கப்படும். பைரோடைட் கனிமம் அப்படிப்பட்டது. அமிலச் சோதனை இன்னும் தெளிவானது. சிட்டிகை அளவு தூளில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சில துளி விட்டால், கலவை மணமற்ற ஹைட்ரஜனைத் தரும். சல்பைடு அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடைத் தரும். அது நச்சு வாயு. புகைபோக்கிப் பெட்டிக்குள் மட்டுமே செய்யுங்கள், முகர்ந்து பார்க்காதீர்கள்.

ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள் இருக்கின்றனவே, அது சேர்மம்தானே?

இல்லை. அணுக்கள் எத்தனை என்பதல்ல, எத்தனை வகை என்பதே கேள்வி. கந்தக மூலக்கூறில் எட்டு அணுக்கள் வளையமாக இருந்தும் அது தனிமமே.

பித்தளை எங்கும் ஒரே சீராக இருக்கிறது. பிறகு ஏன் கலவை என்கிறோம்?

அதன் விகிதம் நிலையானதல்ல. துத்தநாகம் 10 விழுக்காடு இருந்தாலும் பித்தளை, 40 இருந்தாலும் பித்தளை. வெற்றிடத்தில் சூடேற்றினால் துத்தநாகம் ஆவியாகி வெளியேற, செம்பு தங்கிவிடும்.

கொதிக்கும்போது வெப்பநிலை மாறாவிட்டால் தூய பொருள் என்று முடிவு செய்யலாமா?

அவசரப்படாதீர்கள். உப்புநீர் கொதிக்கக் கொதிக்க வெப்பநிலை ஏறுவது உண்மைதான். ஆனால் எடையில் ஏறத்தாழ 95.6 விழுக்காடு எத்தனாலும் (மதுவில் உள்ள ஆல்கஹால்) மீதி நீரும் உள்ள கரைசல், சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் 78.2 டிகிரி செல்சியசில் மாறாமல் கொதிக்கும். அது கலவைதான். அழுத்தத்தை மாற்றிக் காய்ச்சி வடித்தால் அந்த விகிதமே மாறிவிடும். சேர்மத்தின் விகிதம் அப்படி அசையாது.

எந்த வழியிலும் பிரிக்க முடியாத பொருளைத் தனிமம் எனலாமா?

அந்த அளவுகோல் ஏமாற்றியிருக்கிறது. பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியர் 1789-இல் வெளியிட்ட தனிமப் பட்டியலில் சுட்ட சுண்ணாம்பும் இடம்பெற்றது. 1808-இல் ஆங்கில வேதியியலாளர் டேவி மின்னாற்பகுப்பால் (மின்சாரம் செலுத்திப் பிரிக்கும் முறை) அதிலிருந்து கால்சியத்தைப் பிரித்தெடுத்தார். உறுதியான வழி 1913-இல் ஆங்கில இயற்பியலாளர் மோஸ்லியின் ஆய்வில் கிடைத்தது: ஒவ்வொரு தனிமமும் வெளியிடும் எக்ஸ் கதிரின் அதிர்வெண் அதன் அணு எண்ணைக் (அணுக்கருவில் உள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை) காட்டிவிடுகிறது. சேர்மமானால் அதிலுள்ள தனிமங்களுக்குரிய எக்ஸ் கதிர்க் கோடுகள் தனித்தனியே தெரியும். ஹைட்ரஜனும் ஹீலியமும் மட்டும் இந்த முறையில் சிக்காது.